வெயிலில் ஏறும் குண்டு: 50 மீட்டர் ரைபிளில் மருந்தும் வெப்பமும் தரும் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் முறை

இந்த வழிமுறை பாயிண்ட் டூ டூ (.22 அங்குல) ரைபிளில் 50 மீட்டர் தொலைவுக்குப் படுத்தும், முழங்காலிட்டும், நின்றும் சுடுபவர்களுக்காக எழுதப்பட்டது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் பழகுபவர்களிடம் இரண்டு வகையான ஆட்களைப் பார்க்கலாம். குண்டு இலக்குத் தாளின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தை விட்டு விலகினால் உடனே தன் கையையோ டயாப்டரையோ (கண்ணருகே இருக்கும் துளைக்காட்சிக் கருவி) குறைசொல்லி, அதன் திருகைத் திருகிக்கொண்டே இருப்பவர் ஒருவர். எது நடந்தாலும் "மருந்து சரியில்லை" என்று தோட்டாவின் தலையில் பழியைப் போடுபவர் மற்றவர். மருந்து, அதாவது தோட்டாவுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் வெடிமருந்து, உண்மையாகவே பிழை செய்யும். ஆனால் அது செய்யும் பிழைக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவம் தாளில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அதைக் குற்றம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் ஆயுதச் சட்டம், 1959இன்படி தோட்டா தயாரிப்பது உரிமம் இல்லாமல் செய்யக்கூடிய காரியம் அல்ல. பாயிண்ட் டூ டூ தோட்டாவோ பொதுவாகத் தொழிற்சாலையிலேயே நிரப்பப்படுவது. ஆகவே மருந்தைக் கூட்டியும் குறைத்தும் பிழையைச் சரிசெய்யும் வழி நமக்கு இல்லை. நம் கையில் இருப்பவை தோட்டாவின் லாட்டை (ஒரே எண்ணிட்டுச் சேர்ந்து தயாரான தொகுதியை)த் தேர்ந்தெடுப்பது, சுடும் நேரம் முழுவதும் அதை ஒரே வெப்பத்தில் வைத்திருப்பது, பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது ஆகியவை மட்டுமே.

கணக்கு

போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. அது குழல்வாயிலிருந்து வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கிட்டத்தட்ட 0.16 வினாடியில் கடக்கிறது. அந்த நேரத்துக்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து 12.5 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தைக் காட்சிக்கருவி ஈடுகட்டி வைத்திருப்பதால்தான் குண்டு நடுவில் விழுகிறது. வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் இறக்கம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும். அதாவது வினாடிக்கு மூன்றேகால் மீட்டர் வேகம் கூடிய குண்டு இரண்டரை மில்லிமீட்டர் மேலே விழும். ஒரு பெட்டியின் மிக வேகமான தோட்டாவுக்கும் மிக மெதுவான தோட்டாவுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், அது மட்டுமே தாளில் எட்டு மில்லிமீட்டர் உயர வேறுபாடாகத் தெரியும்.

பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர்; துளையின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்துதான். ஆக, குண்டின் நடு, தாளின் நடுவிலிருந்து எட்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு மேலே நான்கும் கீழே நான்குமாகப் பிரிந்தால், அனுமதிக்கப்பட்ட பிசகில் பாதியை மருந்தே எடுத்துக்கொள்ளும். சுடுபவரின் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் மிஞ்சுவது மற்றொரு பாதிதான்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி, மருந்தின் பிழை மேலும் கீழுமாகவே வரும் என்பதாகும். பக்கவாட்டில் விலகிய குண்டுக்கு மருந்தைக் காரணம் காட்ட முடியாது.

அறிகுறி: சத்தம் மந்தமாக வந்தது, அல்லது ஊசி அடித்தும் வெடிக்கவில்லை

துல்லியத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்னால் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ட்ரிகரை இழுத்த பிறகு தோட்டா வெடிக்கவில்லை என்றால், ரைபிளின் வாய் இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது 30 வினாடி போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் பாகத்தை)த் திறக்காமல் காத்திருக்க வேண்டும்; தாமதமாகப் பற்றிக்கொள்ளும் தோட்டாக்கள் உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக "புஸ்" என்று அமுங்கிய சத்தம் வந்து, தாளிலும் துளை இல்லை என்றால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவைப் போடாமல், ரேஞ்ச் பொறுப்பாளரிடம் சொல்லி, ரைபிளைத் திறந்து, குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடைபட்ட குழலில் இரண்டாவது குண்டைச் செலுத்தினால் குழல் உப்பும் அல்லது பிளக்கும்.

ஒரே பெட்டியில் இப்படி இரண்டு தோட்டாக்கள் வந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுவதே முறை. நைட்ரோசெல்லுலோஸ் மருந்து காலப்போக்கில் தானாகவே சிதையக்கூடியது. அதைத் தாமதப்படுத்த நிலைப்படுத்தும் பொருள் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். வெப்பம் கூடக்கூட அந்தப் பொருள் விரைவாகத் தீர்ந்துபோகும். கோடையில் காரின் டிக்கியில் பல வாரம் கிடந்த தோட்டாவை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் மிச்சம் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

அறிகுறி: காலையில் நடுவில் விழுந்த குரூப் (தொடர்ந்து சுட்ட துளைகளின் கூட்டம்), நண்பகலில் அப்படியே மேலே ஏறிவிட்டது

நம் ஊரில் அதிகமாகக் கேட்கப்படும் குறை இதுதான் என்பதால் இதை விரிவாகவே பார்க்கலாம். பாளையங்கோட்டைப் பக்கம் வைகாசி மாதத்தில் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் நிழலிலேயே பத்து டிகிரி வேறுபாடு இருக்கும். வெயிலில் வைத்த பொருளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

"அண்ணாச்சி, காலைல பத்துலயே கெடந்தது, இப்ப மொத்தமா மேல ஏறுது. ரைபிள்தான் கோளாறா?" என்று பயிற்சி பெறும் பையன் கேட்டால், மூத்தவர் ரைபிளைப் பார்க்க மாட்டார். "தோட்டாவ எங்கல வச்சிருந்த?" என்றுதான் கேட்பார். பையனின் வலது முழங்கைக்கு அருகே, கூரையின் நிழல் விலகிப்போன இடத்தில், மரக்கட்டையில் வரிசையாகக் குத்திவைத்த தோட்டாக்கள் பளபளத்துக்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் பித்தளை சுடும். குண்டின்மேல் பூசிய மெழுகு விரலில் ஒட்டும்.

மருந்துப் பருக்கையின் மேற்பரப்பு எரியத் தொடங்க ஒரு குறிப்பிட்ட வெப்பத்தை அடைய வேண்டும். பருக்கை ஏற்கெனவே சூடாக இருந்தால் அந்த நிலையை அடையத் தேவைப்படும் கூடுதல் வெப்பம் குறைவு. எனவே அது விரைவாக எரிகிறது, அழுத்தம் கூடுகிறது, குண்டு வேகமாகக் கிளம்புகிறது. ஐரோப்பியத் தரப்படி தோட்டாக்களைச் சோதிப்பது சுமார் 21 டிகிரியில். நம் ரேஞ்சில் வைகாசி மதியத்தில் அது 37, 38 டிகிரியில் எரிகிறது. ஈலி நிறுவனத்தின் போட்டித் தோட்டாப் பெட்டியில் லாட் எண்ணோடு வேகமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் தொழிற்சாலையில் எடுத்த அளவு. நம் ஊர் மதியத்துக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருந்தோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. குண்டை அது குறைவாகத் தடுக்கிறது. மேலும் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும்: 15 டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், 35 டிகிரியில் 352 மீட்டர். ஒலியின் வேகத்தை நெருங்கும் குண்டுக்குத் தடை சட்டென்று கூடுவதால், 325 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு வெயில் நேரத்தில் அந்த எல்லையிலிருந்து சற்று விலகியே பறக்கிறது. இரண்டு காரணங்களும் குண்டை ஒரே திசையில், அதாவது மேலே கொண்டுபோகின்றன. 50 மீட்டரில் காற்றின் பங்கு சிறியது, மருந்தின் பங்கே பெரியது.

உறுதிசெய்யும் முறை எளிது. ஒரே லாட்டிலிருந்து இருபது தோட்டாக்களைத் தெர்மாகோல் பெட்டியில், குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றோடு, ஆனால் அதைத் தொடாதபடி துண்டில் சுற்றி அரை மணி நேரம் வைக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், வியர்த்துப்போன தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள்) விடக் கூடாது. இன்னும் இருபதைக் கூரை நிழலில் திறந்து வைக்க வேண்டும். பிறகு மணல்மூட்டைமேல் ரைபிளைத் தாங்கி, குளிர்ந்த தோட்டா ஒன்று, நிழல் தோட்டா ஒன்று என்று மாற்றி மாற்றி, இரண்டு வேறு தாள்களில், சேம்பரில் போட்டவுடன் சுட வேண்டும். இரண்டு தாள்களின் குரூப் நடுக்களுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடே அந்த லாட்டின் வெப்பக் குணம். அந்த வேறுபாட்டை இரண்டு வகைத் தோட்டாக்களின் வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்து, டிகிரிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், அந்த லாட் தீரும்வரை அது பயன்படும். இந்தச் சோதனைக்காகத் தோட்டாவை வெயிலில் காயவைப்பதோ அடுப்பருகே கொண்டுபோவதோ கூடவே கூடாது.

தீர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, சுடும் இடத்தில் அப்போதைக்குத் தேவையான பத்துப் பதினைந்து தோட்டாக்களுக்கு மேல் வெளியே எடுக்காமல், மற்றவற்றை மூடிய பெட்டிக்குள் வெள்ளைத் துணி போர்த்தி வைப்பது. பனையோலைப் பெட்டி இதற்கு மிக நல்லது. இரும்பு டப்பாவைப் போல வெயிலை வாங்கி உள்ளே கொடுக்காது, விலையும் அதிகமில்லை. இரண்டாவது, போட்டி எந்த நேரத்தில் நடக்குமோ அந்த நேரத்திலேயே காட்சிக்கருவியைச் சரிசெய்துகொள்வது. காலை ஏழு மணிக்குப் பார்த்துவைத்த டயாப்டர் எண்ணோடு பன்னிரண்டு மணிப் போட்டிக்குப் படுப்பதுதான் பலர் செய்யும் தவறு.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். துளைக்காட்சியில் வெளிச்சம் மாறினாலும் குரூப் மேலும் கீழும் நகரும். மேகம் மறைத்துத் திறக்கும் நேரங்களில் மட்டும் குரூப் இடம் மாறுகிறது என்றால், அது கண் செய்யும் வேலை. வெப்பத்தால் வரும் ஏற்றம் மெதுவாக, ஒரு திசையில் மட்டும் வரும். மேகத்தோடு வந்து மேகத்தோடு போகாது.

அறிகுறி: வெயிலும் மாறவில்லை, லாட்டும் மாறவில்லை, ஆனாலும் துளைகள் மேலும் கீழுமாக நீள்கின்றன

குரூப் முழுவதும் இடம் மாறாமல், வரிசை ஒழுங்கில்லாமல் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விழுந்தால், மருந்தின் சீரின்மையைச் சந்தேகிக்கலாம். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதைப் பற்றவைக்கும் கலவையோ தோட்டாவின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டிய ஒன்று. அந்தக் கலவை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், ஊசி எங்கே அடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பற்றும் வேகம் மாறும். இவ்வளவு சிறிய அளவில் மருந்தின் எடையில் ஏற்படும் மிகச் சிறு வேறுபாடும் வேகத்தில் வெளிப்படும். விலை உயர்ந்த போட்டித் தோட்டாவுக்கும் சாதாரணப் பயிற்சித் தோட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தச் சீர்மைதான்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டாவுக்குள் மருந்து முழுவதும் நிறைந்திருப்பதில்லை, வெற்றிடம் இருக்கிறது. குண்டின் பக்கம் சரிந்து கிடக்கும் மருந்தும், விளிம்பின் பக்கம் சேர்ந்து கிடக்கும் மருந்தும் ஒரேமாதிரி பற்றுவதில்லை. தோட்டாவைக் கட்டையிலிருந்து எடுத்துச் சேம்பருக்குக் கொண்டுபோகும் கையசைவு ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால் இது சமனாகிவிடும். சிலர் ஒரு தோட்டாவைத் தலைகீழாக எடுப்பார்கள், அடுத்ததைக் கிடைமட்டமாக. படுத்துச் சுடும்போது இந்த ஒழுங்கைப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

ஆனால் மேலும் கீழுமாக நீளும் குரூப் எல்லாம் மருந்தால் வருவதல்ல. படுத்துச் சுடுபவரின் மூச்சு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் தாளில் வருவதும் இதே வடிவம்தான். இடது முழங்கை மெல்ல வழுக்கினாலும், ரைபிளைக் கையோடு இறுக்கும் பட்டையான ஸ்லிங் தளர்ந்தாலும் இதுவே வரும். மணல்மூட்டைமேல் ரைபிளைத் தாங்கிச் சுடும்போது நீளம் மறைந்துவிட்டால், குறை மருந்தில் இல்லை. மூட்டைமேலும் மறையவில்லை என்றால் அடுத்து வேறொரு லாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று லாட்டுகளிலும் மாறவில்லை என்றால், ஊசியின் முனை தேய்ந்திருக்கிறதா, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பசையாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக் காலத்தில் செம்மண்தூசி எங்கும் புகும்; போல்ட்டைத் துடைக்காமல் மருந்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

அறிகுறி: ஓய்வெடுத்துவிட்டுச் சுட்ட முதல் குண்டு மட்டும் விலகுகிறது

தோட்டாவைச் சேம்பரில் போட்டு, போல்ட்டை மூடிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு வரும் குறை இது. வெயிலிலும் சுட்ட சூட்டிலும் காய்ந்த குழலுக்குள் தோட்டா இரண்டு மூன்று நிமிடம் கிடந்தால், மருந்து குழலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அந்தக் குண்டு மேலே போகும். அடுத்தது இடத்துக்கு வந்துவிடும். காற்றுக்காகக் காத்திருக்க வேண்டுமானால் போல்ட்டைத் திறந்து, தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது நல்லது. நீண்ட நேரம் சேம்பரில் இருந்துவிட்ட தோட்டாவை வெளியே எடுத்து ஒதுக்கிவைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் குண்டு கீழே விழுந்தாலோ, திசையின்றி விலகினாலோ காரணம் வேறு: குழலுக்குள் படிந்த மெழுகும் கரியும் ஆறி இறுகியிருக்கும். அதற்குத்தான் போட்டியில் சோதனைக் குண்டுகளுக்கு நேரம் தருகிறார்கள்.

அறிகுறி: புதுப் பெட்டியைத் திறந்ததும் குரூப் இடம் மாறிவிட்டது

பெட்டியின் அட்டை நிறம் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்று எண்ணக் கூடாது. பார்க்க வேண்டியது லாட் எண்ணை. மருந்துத் தொழிற்சாலையில் ஒரு கலத்திலிருந்து வரும் மருந்தும் அடுத்த கலத்திலிருந்து வரும் மருந்தும் சரியாக ஒரே வேகத்தில் எரிவதில்லை என்பதால், பல கலங்களைக் கலந்து ஓர் அளவுக்குள் கொண்டுவருவது அந்தத் தொழிலின் வழக்கம். நம் மாநிலத்தில் நீலகிரி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை போன்ற, நூறாண்டுக்கு மேல் இந்த வேலையையே செய்யும் இடங்களிலும் இந்தச் சீராக்கல்தான் நுட்பமான பகுதி. இவ்வளவு செய்தும் லாட்டுக்கு லாட் சிறு வேறுபாடு இருக்கும். பற்றவைக்கும் கலவை, மெழுகு, குண்டை அச்சடிக்கும் எந்திரத்தின் தேய்மானம் ஆகியவையும் லாட்டோடு மாறும்.

ஒரு ரைபிளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் லாட் பக்கத்து ரைபிளில் சாதாரணமாகவே சுடும். ஆகவே அடுத்தவர் புகழும் லாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக வாங்குவதைவிட, இரண்டு மூன்று லாட்டுகளில் ஓரிரு பெட்டி வாங்கிச் சோதித்து, பொருந்துவதை ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து வாங்குவது நல்லது. இறக்குமதித் தோட்டா எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நிச்சயமில்லாத நம் நிலையில் இது எல்லோருக்கும் இயலாது என்பது தெரியும். குறைந்தபட்சம், நல்ல லாட்டைப் போட்டிக்கு ஒதுக்கி, மிஞ்சியதைப் பயிற்சியில் கரைக்கலாம். ஒரே வரிசையில் இரண்டு லாட்டுகளைக் கலக்காமல் இருக்கலாம். தயாரிப்பையே மாற்றும்போது முதல் பத்திருபது குண்டுகளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பழைய மெழுகு போய்ப் புது மெழுகு குழலில் படிய அவ்வளவு குண்டுகள் தேவைப்படும்.

அறிகுறி: குரூப் சாய்வாக, வலப்பக்கம் கீழே அல்லது இடப்பக்கம் மேலே இழுக்கிறது

இது மருந்து அல்ல, காற்று. ஆனாலும் இதை இங்கே சேர்த்ததற்குக் காரணம், ஆனி ஆடி மாதங்களில் நம் பக்கத்தில் மருந்தின்மேல் போடப்படும் பழியில் பாதி இதற்குச் சேர வேண்டியது என்பதே. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, தென்காசியில் சாரலைக் கொட்டிவிட்டு, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று ரேஞ்சின் குறுக்கேயும் ஓடுகிறது. வடக்கு நோக்கிய ரேஞ்சில் அது சுடுபவரின் இடப்பக்கத்திலிருந்து வரும். வினாடிக்கு ஒரு மீட்டர் குறுக்குக் காற்று இந்தக் குண்டை 50 மீட்டரில் ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளும். நான்கு மீட்டர் காற்றில் பத்து ஒன்பதாகி, எட்டாகிவிடும்.

குண்டை வலப்பக்கமாகச் சுழற்றிவிடும் வரிகள், அதாவது வலச்சுழல், கொண்ட குழலில், இடமிருந்து வரும் காற்று குண்டை வலப்பக்கம் தள்ளுவதோடு சற்றுக் கீழேயும் இறக்கும். வலமிருந்து வருவது இடப்பக்கம் தள்ளிச் சற்று மேலே ஏற்றும். கடிகார முகத்தில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் கோடு போட்டாற்போலத் துளைகள் விழும். இந்தச் சாய்வில் இருக்கும் உயர வேறுபாட்டைப் பார்த்துவிட்டு வேகம் மாறுகிறது என்று முடிவுகட்டுபவர்கள் லாட் லாட்டாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; குறை தீராது. கொடியைப் பார்த்து, ஒரே காற்றில் மட்டும் சுட்ட குண்டுகளைத் தனியே எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மருந்தைச் சோதிக்க வேண்டியவர்கள் அந்த மாதங்களில் விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அறிகுறி: குண்டின் மெழுகு இளகி, பெட்டியின் அட்டையில் கறை படிந்திருக்கிறது

மெழுகு ஒருபக்கமாக வழிந்த தோட்டா குழலுக்குள் சீராக நுழையாது. வழிந்த மெழுகு சேம்பரில் சேர்ந்து, தூசியைப் பிடித்து, தோட்டாவை முழுவதும் உட்காரவிடாது. விளைவு எந்தத் திசையிலும் ஓரிரண்டு குண்டுகள் தனியே ஓடுவதாக இருக்கும். கறை படிந்த பெட்டியைப் போட்டியில் எடுக்காமல் பயிற்சிக்கு விட்டுவிட்டு, அதை எங்கே வைத்திருந்தோம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பூட்டுள்ள இரும்பு பீரோ மாடி அறையில், மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அந்த அறை சித்திரையில் இரவு பத்து மணிவரை தணலாகவே இருக்கும். சட்டப்படி பூட்டி வைக்க வேண்டியதுதான். ஆனால் பூட்டுள்ள பெட்டியைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத உட்சுவர்ப் பக்கம் வைக்கத் தடையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் குறை வேறுமாதிரி வரும். ஏசி அறையில் வைத்திருந்த தோட்டாவை ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் பித்தளைமேல் நீர்த்துளி படியும். பெட்டியைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளிவெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறந்தால் போதும்.

அறிகுறி: இங்கே பத்து, வடக்கே போனால் கீழே ஒன்பது

டிசம்பரில் தில்லி துக்ளகாபாத்திலுள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சில் காலை முறையில் படுப்பவருக்கு வெப்பம் பத்து டிகிரி அளவில் இருக்கும். நம் ஊரில் 33 டிகிரியில் பார்த்துவைத்த காட்சிக்கருவி எண் அங்கே பொருந்தாது. மருந்து மெதுவாக எரியும், காற்று அடர்த்தியாக இருக்கும், இரண்டும் சேர்ந்து குரூப்பைக் கீழே இறக்கும். சோதனைக் குண்டுகளின்போதே டயாப்டரை ஏற்றிக்கொண்டால் இது ஒரு குறையே அல்ல. தோட்டாவைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம்: பையிலிருந்து வந்த முதல் சில தோட்டாக்கள் உடற்சூட்டிலும், பின்னால் வருபவை குளிரிலும் இருக்க, குரூப் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். போல்ட்டில் தடவிய கிரீஸும் குளிரில் இறுகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், புறப்படும் முன் அதைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுவது நல்லது.

அறிகுறி: குரோனோகிராஃப் ஒன்று சொல்கிறது, தாள் வேறொன்று சொல்கிறது

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் என்ற வேகமானி வாங்கியவுடன் ஐந்து குண்டு சுட்டு, அதில் வரும் திட்ட விலக்கத்தை (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) வைத்து ஒரு லாட்டைப் புகழ்வதோ இகழ்வதோ பரவலாக நடக்கிறது. ஐந்து குண்டில் வரும் எண் அடுத்த ஐந்தில் இரட்டிப்பாகலாம், பாதியாகவும் குறையலாம். இருபது முப்பது குண்டுகளாவது இல்லாமல் திட்ட விலக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண். நல்ல போட்டித் தோட்டாவில் அது வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் அளவில் இருக்கும். மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் உள்ள இடைவெளியோ, குண்டின் எண்ணிக்கை கூடக்கூட விரிந்துகொண்டே போகும். பத்துக் குண்டில் எடுத்த இடைவெளியை ஐம்பது குண்டில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது. வெளிச்ச உணரி வைத்த பழைய வகைக் கருவிகள் நம் ஊர் உச்சிவெயிலில் பொய் சொல்லும். ரேடார் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எண்கள் சரியாகவே இருந்து, வேகம் சிதறியும் தாளில் உயரம் சிதறாமல் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. தோட்டா வெடிக்கும்போது குழல் அதிர்ந்து அதன் வாய் மேலும் கீழும் அசைகிறது. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, வாய் மேல்நோக்கி நகரும் தருணத்தில் வெளியேறினால், அதன் கூடுதல் இறக்கம் ஈடாகிவிடும். குழல்வாயில் எடை பொருத்திச் சரிசெய்பவர்கள் தேடுவது இந்தத் தருணத்தைத்தான். வாய் கீழ்நோக்கி நகரும் தருணத்தில் குண்டு வெளியேறும் ரைபிளில், கருவி நல்லது என்று சொன்ன லாட்டும் தாளில் நீளும். கருவியும் தாளும் முரண்படும் இடத்தில் தாளையே நம்ப வேண்டும். புள்ளி கிடைப்பது அதில்தான்.

300 மீட்டரில் பெரிய துளை ரைபிள் சுடுபவர்கள் இந்தக் கவலையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தொலைவில் பத்தாம் வளையம் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; வினாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டுக்கு மூன்று மீட்டர் வேகப் பிசகு ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அவர்களுக்கு மருந்தின் வெப்பக் குணம் பெரிதாகத் தெரியத் தொடங்குவது அறுநூறு, ஆயிரம் மீட்டர் என்று தொலைவு கூடும்போது. வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகளை ஆஸ்திரேலியாவில் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அப்படிப்பட்ட தொலைவுகளில் சுடுபவர்களுக்குப் பெரிதும் உதவியது. 50 மீட்டர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. ஓலைப்பெட்டியும் வெள்ளைத் துணியும் லாட் எண் எழுதிய குறிப்பேடும் உண்டு.